எஸ் இல்லாத சொற்கள்

அத்தியாயம் ஒன்பது

வாழைக்காய்க் கறை பிடித்த கையைக் கழுவாமலே அருந்ததி கிணற்றடிக்குப் போனாள். சித்தப்பன் ஏரம்பர் அங்கே கால் கழுவிக்கொண்டு நின்றார்.

“குஞ்சியப்பு, உங்களிட்டை ஒரு காரியம் கேக்க வேணும்.”

“கேள் பிள்ளை.”

“சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் இருக்கேக்கை ஐயாவின்ரை கடிதத்தை ஒருக்கால் வாசிப்பிக்க வேணும். அந்தியேட்டியண்டு வாசிச்சதுதான். இண்டைக்கு ஐயா செத்து ஒரு வருசம், ஆட்டைத் திவசம். அவரே வந்திருந்து கதைக்கிற மாதிரி இருக்கும்.”

ஏரம்பரின் கண்கள் கலங்கின. அண்ணன் முத்துக்குமாருவின் பேச்சை எடுத்தாலே அவருக்கு அப்படித்தான்.

“நல்ல யோசினை பிள்ளை. நான் தியாகலிங்கத்துக்குச் சொல்லுறன். கோண்டாவில் ஆக்களும் கேக்கட்டும், எங்கடை அண்ணை எப்பிடிப்பட்ட மனுசன் எண்டு.”

“ஓம். அவையளும் கேக்க வேணும்,” என்றாள் அருந்ததி.

அவளுடைய கண் கலங்கவில்லை.

போன வருடம், ஐயா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று, இதே இணுவில் வீட்டு விறாந்தையில்தான் அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டது. மலாயாவில் ரெயில்வேக் கந்தோரில் வேலை பார்த்துப் பென்சனோடு வந்த முத்துக்குமாரு, தன் கடைசி விருப்பத்தையும் இங்கிலீசிலேதான் எழுதி வைத்திருந்தார். வாசித்துச் சொன்னவர் மூத்த மருமகன் தியாகலிங்கம்.

வீடு மூத்தவள் கனகாம்பிகைக்கு. அதில் ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை. ‘ஜூவலரி’யும் ‘பேர்னிச்சரு’ம் இளையவள் அருந்ததிக்கு.

“ஜூவலரி எண்டால் நகை. சொல்லின்ரை கடைசியிலை எஸ் இல்லை, பாருங்கோ. எஸ் இருந்தால்தான் பன்மை. ஆனபடியால் ஒரு நகை. பேர்னிச்சருக்கும் எஸ் இல்லை. ஒரு தளபாடம்,” என்று விளக்கம் சொன்னார் தியாகலிங்கம்.

இங்கிலீசு தெரியாத சபை தலையாட்டியது. அன்று பின்னேரமே அருந்ததிக்கு ஒரு மெல்லிய சங்கிலியும் ஒரு பிரம்புக் கதிரையும் கொடுக்கப்பட்டன. தாயின் அட்டியல், பதக்கம், காப்புகள், கல்லுத்தோடு எல்லாம் கனகாம்பிகையின் அலுமாரிக்குள் போய்விட்டன. அந்த அலுமாரியும் கனகாம்பிகையின் அறையில்தான் நின்றது.

அருந்ததிக்கு அப்போது முப்பது வயது. கலியாணம் ஆகவில்லை. வீட்டின் பின்னறையில் அந்தக் கதிரையைப் போட்டு, அதிலேயே இருந்து ஒரு வருடத்தைக் கழித்தாள்.

ஆனால் ஆறு மாதமாக அவள் சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போவது தையல் வகுப்புக்கு அல்ல என்பது இந்தக் கதையை வாசித்து வருகிறவர்களுக்குத் தெரியும். கொழும்புத்துறையில் செல்வநாயகி என்றொருத்தி இருக்கிறாள். கொன்வென்ற்றில் படித்தவள், பட்டினத்துக் கந்தோர் ஒன்றில் டைப் அடிப்பவள், அருந்ததியின் வயதுக்காரி. நாலு பெண்களைக் கூட்டி வைத்து அரிச்சுவடியிலிருந்து இங்கிலீசு சொல்லிக் கொடுக்கிறாள். தன் தகப்பன் எழுதியதைத் தானே ஒருநாள் வாசிக்க வேண்டும் என்பதைத் தவிர அருந்ததிக்கு அந்த வகுப்பில் வேறு எண்ணம் இருக்கவில்லை.

போன சனிக்கிழமை பாடம், ஒருமையும் பன்மையும்.

செல்வநாயகியின் தகப்பன் சந்தியோகு கடலால் வந்து இறக்கி வைத்த கூடை முற்றத்தில் இருந்தது. அவள் அதற்குள் கைவிட்டு ஒரு நண்டைத் தூக்கினாள்.

“எ க்ராப்.” இன்னொன்றைத் தூக்கினாள். “டூ க்ராப்ஸ். எஸ் போட்டாச்சு. இப்ப மீன். எ ஃபிஷ். டென் ஃபிஷ். எஸ் இல்லை.”

“அதென்ன மீனுக்கு மட்டும் ஓரவஞ்சனை?” என்று ஒருத்தி சிரித்தாள்.

“இங்கிலீசு அப்பிடித்தான். சிலதுக்கு ஒண்டும் பத்தும் ஒரே முகம். இன்னும் சிலது எண்ணவே ஏலாது. தண்ணி, மணல், உப்பு, பால். எவ்வளவு கிடந்தாலும் எஸ் வராது. அள்ளலாம், அளக்கலாம், எண்ணேலாது.”

சிலேட்டில் வோட்டர், சாண்ட், சோல்ட், மில்க் என்று வரிசையாக எழுதினாள். கீழே இன்னும் மூன்று சொற்கள் எழுதினாள். லக்கேஜ், பேர்னிச்சர், ஜூவலரி.

அருந்ததியின் பென்சில் நின்றது.

“செல்வம், நகையை எண்ணலாந்தானே? ஒரு காப்பு, ரெண்டு காப்பு எண்டு?”

“காப்பை எண்ணலாம். ஜூவலரி எண்ட சொல்லை எண்ணேலாது. இங்கிலீசுக்காரனுக்கு அது தண்ணி மாதிரி, முழுக்க ஒரே குவியல். அதிலை ஒண்டே ஒண்டு எண்டு சொல்ல வேணுமெண்டால் முன்னுக்கு ‘எ பீஸ் ஒவ்’ எண்டு போட வேணும். பேர்னிச்சருக்கும் அப்பிடித்தான்.”

“போடாட்டில்?”

“போடாட்டில், கிடக்கிறது முழுக்க.”

அருந்ததி எழும்பிப் போய் வேலியோரம் நின்றாள். அழுகை வரவில்லை. ஒரு வருடமாக ஒரே கதிரையில் இருந்து பிடித்த இடுப்பு நோதான் அப்போது அவளுக்குத் தெரிந்தது. செல்வநாயகி பின்னால் வந்து, “என்னடியப்பா, சுகமில்லையோ?” என்று கேட்டாள்.

“நல்ல சுகமாயிருக்கு,” என்றாள் அருந்ததி. “அந்த ‘எ பீஸ் ஒவ்’வை எனக்கு இன்னொருக்கால் எழுதிக் காட்டு.”

இவ்வளவும் போன சனிக்கிழமை நடந்தது. இன்று வியாழக்கிழமை. இடையில் வந்த நாட்களில் அவள் அக்காவுக்குத் தேத்தண்ணி போட்டாள், அத்தானின் வேட்டிக்கு நீலம் போட்டாள், திவசத்துக்கு உளுந்து ஊறப்போட்டாள். ஒரு சொல் வெளியே விடவில்லை. அலுமாரிக்குள் இருக்கிற கடிதம் அத்தானின் கையாலேயே வெளியே வர வேண்டும். அத்தானின் வாயாலேயே வாசிக்கப்பட வேண்டும். எந்தச் சபையில் அவளை ஒரு கதிரைக்காரி ஆக்கினார்களோ அந்தச் சபையும் இருக்க வேண்டும்.

“அருந்ததி!”

குசினி வாசலில் அக்கா கனகாம்பிகை நின்றாள். நாற்பதைத் தாண்டிய, வாட்டசாட்டமான பெண். பேசும்போது ஆளைப் பார்க்காமல் வேலையைப் பார்த்துப் பேசுவாள்.

“உன்ரை கதிரையையும் ஒருக்கால் விறாந்தைக்குக் கொண்டு வந்து போடு. கோண்டாவில் ஆக்கள் வருகினம். இருக்க இடம் காணாது.”

“ஓமக்கா.”

கோண்டாவில் ஆட்கள் என்றால் புகையிலை வியாபாரி சண்முகநாதனும் அவர் மனைவியும். அவர்களுடைய மகனுக்குத்தான் கனகாம்பிகையின் மகள் குணலட்சுமியைப் பேசியிருந்தது. செத்த வீடு நடந்து ஒரு வருடம் கழிய வேண்டுமென்று நாள் வைக்காமல் இருந்தார்கள். இன்று திவசம் முடிய நாள் குறிப்பதாகப் பேச்சு.

அருந்ததி கதிரையைத் தூக்கிக்கொண்டு நடையால் வந்தபோது குணலட்சுமி கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். இருபது வயது. கழுத்தில் அட்டியல்.

“சின்னம்மா, இதின்ரை சுரை இறுகுதில்லை. ஒருக்கால் பூட்டி விடுங்கோவன்.”

அருந்ததி கதிரையை வைத்துவிட்டு, பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் அட்டியலின் சுரையாணியை இறுக்கினாள். தாய் படுக்கையில் விழுந்த காலத்தில் இந்தச் சுரையை அவள்தான் கழற்றி வைப்பாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தால் மறித்து, தாயைப் பார்க்க வைத்தார்கள். கனகாம்பிகை இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் சீனியர் வரை படித்து முடித்து, கலியாணமும் கட்டியிருந்தாள். மலாயாவால் ஐயா வந்த பிறகு சாப்பாட்டு மேசையில் அவரும் கனகாம்பிகையும் இங்கிலீசில் கதைப்பார்கள். அருந்ததி பரிமாறுவாள். சில வேளை தன் பெயர் அதற்குள் அடிபடும். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால், “உனக்கு விளங்காது” என்பார் ஐயா.

“வடிவா இருக்கோ சின்னம்மா?”

“நல்ல வடிவா இருக்கு பிள்ளை.”

பொய் இல்லை. அந்தப் பிள்ளை மீது அவளுக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை. ஆனால் இன்று நடக்கப் போவதில் அவளுக்கும் நோகும் என்பது அருந்ததிக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவள் கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு நடந்தாள்.

ஐயர் தானம் வாங்கிக்கொண்டு போய், பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டம் சுற்றி வந்தபோது மணி இரண்டு.

ஐயாவின் சாய்மனைக் கதிரையில் தியாகலிங்கம் சாய்ந்திருந்தார். காங்கேசன்துறைப் பக்கம் ஒரு கந்தோரில் ஸ்டோர் பார்க்கிறவர். அவருக்கு எதிரே சண்முகநாதன். பக்கத்தில் ஏரம்பர். உறவினர் பத்துப் பதினைந்து பேர் பாயிலும் வாங்கிலும் இருந்தார்கள்.

“தியாகு, அண்ணையின்ரை கடிதத்தை ஒருக்கால் எடும். சம்பந்தியும் கேக்கட்டும்,” என்றார் ஏரம்பர்.

தியாகலிங்கத்தின் முகம் மலர்ந்தது. இங்கிலீசுக் கடிதத்தைச் சம்பந்திக்கு முன்னால் வாசிக்கிற சந்தர்ப்பம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்க் கடிதத்தோடு வந்தார். குசினிக்குள் நின்ற கனகாம்பிகைக்கு இது தெரியாது.

அவர் தொண்டையைச் செருமி, உரத்த குரலில் வாசித்தார். “டு மை டோட்டர் கனகாம்பிகை, ஐ கிவ் த ஹவுஸ்.” பிறகு, “டு மை டோட்டர் அருந்ததி, ஐ கிவ் த ஜூவலரி அண்ட் த பேர்னிச்சர் ஒவ் திஸ் ஹவுஸ்.”

“அதாவது வீடு இவவுக்கு. ஒரு நகையும் ஒரு தளபாடமும் தங்கச்சிக்கு. எல்லாம் அப்பிடியே ஒப்பேத்தியாச்சு,” என்றார் சண்முகநாதனைப் பார்த்து.

தூணோரம் நின்ற அருந்ததி கேட்டாள்: “ஏன் அத்தான் ஒரு நகை?”

“எஸ் இல்லையெல்லே. அண்டைக்கே சொன்னனான்.”

“எஸ் இல்லாட்டில் எப்பவும் ஒண்டுதானோ?”

“ஓம். அது இங்கிலீசு இலக்கணம். உனக்கு விளங்காது.”

அந்தக் கடைசிச் சொற்கள் ஐயாவின் வாயிலிருந்து வந்தவை போலவே இருந்தன. அருந்ததி தூணை விட்டு முன்னால் வந்தாள்.

“விளங்கப்படுத்துங்கோ அத்தான். காலமை ஐயாவுக்குப் பால் படைச்சனாங்கள். பாலுக்கு இங்கிலீசிலை மில்க். கடைசியிலை எஸ் இல்லை. அப்ப, ஒரு துளியோ படைச்சனாங்கள்?”

சபையில் ஒருவர் சிரித்தார். தியாகலிங்கம் சிரிக்கவில்லை.

“கிணத்திலை கிடக்கிறது வோட்டர். எஸ் இல்லை. கறிக்குப் போட்டது சோல்ட். எஸ் இல்லை. இப்ப எல்லாரும் சாப்பிட்டது ரைஸ். இந்தச் சனத்துக்கு ஒரே ஒரு பருக்கையோ போட்டனீங்கள்?”

“ரைஸிலை எஸ் இருக்குத்தானே!” தியாகலிங்கம் பிடி கிடைத்த மாதிரி நிமிர்ந்தார். “ரை...ஸ். காதிலை விழேல்லையோ?”

“எழுத்துக் கூட்டுங்கோ.”

“ஆர்... ஐ...” அவர் நின்றார். “எஸ்...”

“ஆர், ஐ, சி, ஈ,” என்றாள் அருந்ததி. “உதிலை எஸ்ஸே இல்லை அத்தான்.”

ஏரம்பர் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் இருந்தார்.

அவள் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். வாங்கியபோது தியாகலிங்கம் அதை விட்டுவிட்டார். முதல்முறையாக ஐயாவின் கையெழுத்து அவள் கையில் இருந்தது. ஒவ்வொரு சொல்லாக, முதலாம் வகுப்புப் பிள்ளை வாசிப்பது போல, விரல் வைத்து வாசித்தாள்.

“குஞ்சியப்பு, ஜூவலரி எண்ட சொல்லுக்கு எஸ் வராது. எவ்வளவு நகை கிடந்தாலும் வராது. ஒரு நகை எண்டு எழுத விரும்பியிருந்தால் ஐயா ‘எ பீஸ் ஒவ் ஜூவலரி’ எண்டு எழுதியிருப்பார். முப்பது வருசம் வெள்ளைக்காரனுக்குக் கடிதம் எழுதின மனுசனுக்கு அது தெரியாதோ? எ பீஸ் ஒவ், உதிலை எங்கை கிடக்கு, காட்டுங்கோ. அம்மாவின்ரை நகை முழுக்க எனக்கு. இந்த வீட்டுத் தளபாடம் முழுக்க எனக்கு. அத்தான் சாய்ஞ்சிருக்கிறதும் என்ரை கதிரை.”

தியாகலிங்கம் துள்ளி எழுந்துவிட்டார். யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அருந்ததியின் நெஞ்சுக்குள் குளிர்ந்த மோர் இறங்குவது போல இறங்கியது. அவர் நின்ற நிலையை அவள் ஆசை தீரப் பார்த்தாள். கண்ணாடி மூக்கில் சரிந்து, சால்வை நிலத்தில் இழுபட, சம்பந்திக்கு முன்னால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

“தியாகு,” ஏரம்பர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார். “அண்ணையின்ரை சொல்லை மாத்தியோ வாசிச்சனீர்?”

“ஐயோ, எனக்கென்ன தெரியும்!” அவர் குசினிப் பக்கம் திரும்பினார். “இஞ்சாரும்! நீர்தானே சொன்னனீர், எஸ் இல்லை, ஒண்டுதான் எண்டு! நான் எழுத்தை வாசிப்பன். கருத்துச் சொன்னது நீரெல்லே!”

அருந்ததி இதை எதிர்பார்க்கவில்லை.

ஒரு வருடமாக அவள் வெறுத்தது அத்தானை. அவருடைய தொண்டைச் செருமலை, அவருடைய கண்ணாடியை, அவர் சொன்ன அந்த ‘எஸ்’ஸை. ஸ்டோரில் பெட்டிகளுக்கு மேல் எழுதியிருப்பதை வாசிக்கிற அளவு இங்கிலீசுதான் அவருக்கு இருந்தது. இந்த வீட்டில் இங்கிலீசு தெரிந்தது ஐயாவுக்கு அடுத்தபடி அக்காவுக்கு.

கனகாம்பிகை வாசலில் வந்து நின்றாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

“ஓம். நான்தான் சொன்னனான்,” என்றாள். “இப்ப என்ன? அவளுக்கு ஏன் நகை? போட்டு ஆருக்குக் காட்ட? கலியாணமோ காட்சியோ? எனக்கு ஒரு குமர்ப்பிள்ளை இருக்கு. அம்மாவின்ரை நகை பேத்திக்குப் போறதிலை என்ன பிழை?”

“எனக்கு ஏன் கலியாணம் நடக்கேல்லை அக்கா?” அருந்ததி குரலை உயர்த்தவில்லை. “ஆறு வருசம் அம்மாவைத் தூக்கி எடுத்தது ஆர்? பிறகு ஐயாவை? நீங்கள் மேசையிலை இருந்து இங்கிலீசு கதைக்க நான் சோறு போட்டன். அது முடிய, போட்டுக் காட்ட ஆள் இல்லாதவள் எண்டு நகையையும் எடுத்தனீங்கள்.”

“கனகம்,” என்றார் ஏரம்பர். “நகையைக் குடு. இப்பவே. எல்லாருக்கும் முன்னாலை.”

குணலட்சுமி கழுத்துக்குப் பின்னால் கைகளைக் கொண்டு போனாள். சுரை கழலவில்லை. அருந்ததி இறுக்கிப் பூட்டியிருந்தாள். பிள்ளை கண்ணீரோடு அதை இழுத்துக்கொண்டு நின்றாள். எதிர்கால மாமியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை.

“மிச்சம் உள்ளை கிடக்கு. வந்து எடு,” என்று கனகாம்பிகை திரும்பி அறைக்குள் நடந்தாள்.

அறைக்குள் அலுமாரி திறந்தது. நகைப் பெட்டியைக் கனகாம்பிகை கட்டிலில் போட்டாள். பிறகு சேலை அடுக்குக்குக் கீழே கைவிட்டு, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

“இதையும் பிடி. இங்கிலீசு படிச்சவளெல்லே, வாசி.”

“என்ன இது?”

“கடிதம் ரெண்டு தாள். அண்டைக்கு வெளியிலை விட்டது முதலாம் தாள். அவருக்கும் இது தெரியாது. நகையை நான் எடுத்தனான் எண்டு கத்துறாய். இந்தக் குடும்பத்தின்ரை மானத்தை ஒரு வருசமா ஆர் மூடி வைச்சிருக்கிறது எண்டு வாசிச்சுப் பார்.”

அருந்ததி தாளை விரித்தாள். எழுத்து நெருக்கமாக இருந்தது; அவளுக்குத் தெரியாத நீண்ட சொற்கள். ஆனால் முதல் வரி இலகுவானது. மை த்ரீ டோட்டர்ஸ்.

மீண்டும் பார்த்தாள். த்ரீ. டோட்டர்ஸ். கடைசியில் எஸ், ஐயாவின் கையெழுத்தில் வால் வைத்த, சந்தேகத்துக்கு இடமில்லாத எஸ்.

“மூண்டோ?” என்றாள்.

“யப்பான்காரன் மலாயாவைப் பிடிச்ச காலத்திலை ஐயா அங்கை தனியத்தானே இருந்தவர். தனியா இருக்கேல்லை. விளங்குதோ? இனிப் பேசாமல் மடிச்சுத் தா. நகையைக் கொண்டு போ, கதிரை முழுக்கக் கொண்டு போ. வெளியிலை சம்பந்தி இருக்கிறார். இது காத்திலை கசிஞ்சால் குணத்தின்ரை காரியம் அவ்வளவுதான். ஐயாவின்ரை பேரும் அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள் அக்கா. அவளுடைய முகத்தில் பயம் இல்லை. தங்கச்சி மடித்துத் தருவாள் என்ற நிச்சயம் இருந்தது. தேத்தண்ணி போடச் சொன்னால் போடுவாள், கதிரை கொண்டு வரச் சொன்னால் கொண்டு வருவாள் என்ற அதே நிச்சயம்.

ஐயாவின் பெயர்! அம்மா அந்தக் காலம் முழுவதும் பாயில் கிடந்து, மலாயாக் கப்பல் வந்ததோ என்று நாளுக்கு நாலு தரம் கேட்டது அருந்ததிக்குக் காதில் விழுந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவள் அவள். கேட்ட வாயைத் துடைத்து விட்டவள் அவள்.

அவள் தாளோடு வாசலை நோக்கி நடந்தாள்.

“அருந்ததி!” கனகாம்பிகை அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இப்போதுதான் அந்தக் குரல் உடைந்தது. “கும்பிட்டுக் கேக்கிறன். குணம் உன்னை என்ன செய்தவள்?”

அருந்ததி ஒரு கணம் நின்றாள். பிறகு அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

விறாந்தையில் எல்லாரும் இருந்தபடியே இருந்தார்கள். சண்முகநாதன் மனைவியோடு ஏதோ மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்.

“குஞ்சியப்பு, ஐயா ரெண்டாவது தாள் ஒண்டும் எழுதி வைச்சவராம். அக்காவிட்டை இருந்தது. எனக்குப் பெரிய சொல்லுகள் வாசிக்கத் தெரியாது. அக்கா வாசிச்சுத் தமிழிலை சொல்லுவா.”

பின்னால் வந்து நின்ற கனகாம்பிகையின் கையில் தாளை வைத்தாள். வைத்துவிட்டு அவளுடைய தோளோடு தோள் ஒட்டி நின்றாள்.

“முதல் வரி எனக்குத் தெரியும் அக்கா,” என்றாள் அவளுக்கு மாத்திரம் கேட்க. “இந்த முறை ஒருமை பன்மை பிழைக்காமல் சொல்லுங்கோ.”

கனகாம்பிகை தாளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். ஏரம்பர், “வாசி பிள்ளை, என்ன எழுதியிருக்கிறார்?” என்றார்.

“என்ரை...” அவள் நிறுத்தினாள். தோளோடு நின்றவள் அசையவில்லை. “என்ரை மூண்டு பெண்பிள்ளையளுக்கும் எண்டு எழுதியிருக்கு.”

“மூண்டோ?” என்றார் சண்முகநாதன். “மற்றது ஆர்?”

“மலாயாவிலை, ஈப்போவிலை. பத்மாசினி எண்டு பேர். குணத்தின்ரை வயதுதான்.”

ஏரம்பர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்தார். சண்முகநாதன் சால்வையை உதறித் தோளில் போட்டு எழுந்தார். மனைவியும் எழுந்தாள். “நாள் பாக்கிறதை ஆறுதலாப் பாப்பம்,” என்று ஏரம்பருக்கு மாத்திரம் சொல்லிவிட்டு, இருவரும் படலையைத் திறந்துகொண்டு போனார்கள். தியாகலிங்கம் பின்னால் ஓடினார். அவர்களுடைய கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

குணலட்சுமி முன்னால் வந்தாள். சுரையை எப்படியோ கழற்றியிருந்தாள். கழுத்தில் சிவப்பாக ஒரு கீறல். அட்டியலைச் சின்னம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

“காணுமோ சின்னம்மா?”

அவள் கத்தவில்லை. அதனால் அருந்ததிக்கு அந்தக் கீறலைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வருடமாகக் கனவு கண்ட பொருள் கையில் பாரமாக இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் அந்தச் சொல்லை இந்த வீட்டில் இதுவரை ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளும் சொல்லவில்லை.

“இன்னும் இல்லைப் பிள்ளை,” என்றாள். அக்காவின் பக்கம் திரும்பினாள். “மிச்சத்தையும் வாசியுங்கோ.”

“இனி என்ன மிச்சம்?” கனகாம்பிகை தாளைக் கீழே இறக்கினாள். “என்ரை பிள்ளையின்ரை வாழ்வை முடிச்சிட்டாய். இன்னும் என்ன கேக்கிறாய்?”

“கீழை இன்னும் நாலு வரி கிடக்கு. வாசியுங்கோ.”

கனகாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைக் கிட்டப் பிடித்தாள். தான் பலமுறை வாசித்து மனப்பாடமான வரிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள்.

“அவளின்ரை தாயும் செத்துப் போனாள். அங்கை அவளுக்கு ஒருத்தரும் இல்லை. என்ரை ஆட்டைத் திவசம் முடிய இணுவிலுக்கு வரச்சொல்லி அவளுக்கு எழுதிப் போட்டன். கப்பல் காசும் அனுப்பிட்டன். வந்து படலையிலை நிக்கேக்கை, அருந்ததிதான் போய்த் திறக்க வேணும். கனகம் திறக்க மாட்டாள்.”